ஐந்தாவது கவுன்

பை வந்தபோது டெய்லர் ஒரு கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தக் கடையில் மூன்று மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, கழுத்து வலிக்கிற உயரத்தில் ஒரு ட்யூப்லைட். புதுத்துணி தைக்கிற கடை இல்லை. ஆல்டரேஷன் மட்டும். பெருத்துப் போனவர்கள், இளைத்துப் போனவர்கள், அக்கா சுடிதாரைத் தங்கைக்குச் சுருக்குகிறவர்கள்தான் வாடிக்கை. அந்த வேலையில் பாதி தைப்பது, பாதி பிரிப்பது. டெய்லர் இருபத்திரண்டு வருஷமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பாதி பிளேடை விரலிடுக்கில் செருகிக்கொண்டு டீ குடித்தபடியே பிரிப்பார், வாடிக்கையாளரிடம் பேசியபடியே பிரிப்பார். கோணல் தையல் கண்ணில் பட்டால் அவர் கை சும்மா இருக்காது.

"இந்த ஆளு பஸ்ல பக்கத்துல உக்காந்தா நம்ம சட்டையை நாமதான் கெட்டியாப் பிடிச்சுக்கணும்" என்பாள் காஜாக்கா. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதே அவள் வேலை. அதனால் வந்த பெயர்.

அன்று மத்தியானம் குழந்தைகள் நல அலுவலகத்து ஆள் ஒருவர் படியிறங்கி வந்து, கறுப்பு பிளாஸ்டிக் பை ஒன்றை இஸ்திரி மேஜைமேல் வைத்தார்.

"விலாசத்துல வீடு பூட்டியிருந்துச்சு. நீங்கதானே தாய்மாமன்? இங்க ஒரு கையெழுத்து."

"என்ன இது?"

"பாப்பாவோட சாமான்."

டெய்லர் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

பட்டாணி இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. ஐந்து வயது. உருண்டை முகம், உருண்டைக் கண், அதனால் பட்டாணி. டெய்லரின் தங்கச்சி மகள். தங்கச்சி பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவள். சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே ஸ்டீல் தகடு வைத்து, இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில். புருஷன் என்று ஒருவன் இருந்தான், எங்கே என்று யாருக்கும் தெரியாது. குழந்தையைத் தற்காலிகமாக வளர்ப்பு வீட்டில் விட அலுவலகம் ஏற்பாடு செய்தது. சம்மதக் கடிதத்தில் தாய் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதைப் போட்டது டெய்லர்.

பையில் ஒரு சீப்பு, ஒரு ஜோடி செருப்பு, பாதி வண்ணம் தீட்டிய புத்தகம், நான்கு கவுன்கள்.

கவுன்கள் அவர் தைத்தவை. வளர்ப்பு வீட்டுக்குப் போகிறாள் என்று முடிவானதும் இரண்டே நாளில் ஐந்து கவுன் தைத்தார். பட்டாணிக்கு இளைப்பு உண்டு. இன்ஹேலர் இல்லாமல் அவளை வாசலுக்குக்கூட அனுப்ப மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கவுனிலும் வலது இடுப்புக்கு உள்பக்கமாக ஒரு பாக்கெட் வைத்தார். இன்ஹேலரை மேஜைமேல் படுக்கவைத்து சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, அந்த அளவுக்கே வெட்டினார். கவுனைப் போட்டுவிட்டு அவளுக்குப் பாடமும் எடுத்தார்.

"மூச்சு வரலேன்னா கை எங்க போகணும்?"

"இங்க மாமா." இடுப்பில் ஒரு தட்டு.

"தூங்கிட்டு இருக்கும்போது?"

"அப்பவும் இங்க."

நூறு தடவை கேட்டிருப்பார். நூற்றியோராவது தடவை அவள் அலுத்துக்கொண்டாள். "மாமா, உனக்கு ஞாபகமே இருக்காதா?"

டெய்லர் முதல் கவுனை எடுத்து உதறினார். நீலம். பழக்கதோஷத்தில் உள்பக்கம் திருப்பினார். பாக்கெட்டின் வாயில் கறுப்பு நூல் ஓடியிருந்தது. நீலத் துணியில் கறுப்பு நூல். இரட்டை இழை, ஒரு குத்து நீளம், ஒரு குத்து குட்டை, ஓரத்தில் கொசு மாதிரி ஒரு முடிச்சு.

'எவன் கைவேலை இது' என்று மனசுக்குள் ஒரு எரிச்சல். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் நின்றதால் எதிரில் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. கை பாட்டுக்கு வேலை செய்தது. பிளேடு முனை முதல் குத்தில் நுழைந்தது. சர்ரென்று பிரிந்தது. நூல் துணுக்கை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கவுனை எடுத்தார். பச்சை. அதுவும் அப்படியே. அடுத்தது கட்டம் போட்டது. அடுத்தது சிவப்பு.

"டெய்லரு" என்றாள் காஜாக்கா. "என்ன பண்றே?"

"தையல் கோணலா இருக்குக்கா."

"உன் தையலா?"

"என் தையல் எங்கக்கா இப்படி…"

பிளேடு அப்படியே நின்றது.

"அப்ப யாரு தைச்சது?" என்றாள் காஜாக்கா. "எதுக்குத் தைச்சாங்க?"

டெய்லர் மடியைப் பார்த்தார். நான்கு கவுன். நான்கு பாக்கெட்டும் வாய் திறந்து, நேற்றுத்தான் தைத்தது மாதிரி இருந்தன. தரையைப் பார்த்தார். ஆல்டரேஷன் கடைத் தரை. காலையிலிருந்து பிரித்த நூலெல்லாம் கணுக்கால் வரை கிடந்தது. அதில் பாதி கறுப்பு.

இரண்டு பேரும் முட்டிபோட்டுத் தேடினார்கள். அரைமணி நேரம் தேடினார்கள். கை நிறைய நூல் கிடைத்தது. எது அந்த நூல் என்று சாமியே வந்தாலும் சொல்ல முடியாது.

*

"நாலையுமா?" என்றாள் தங்கச்சி.

டெய்லர் தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணையாவது விட்டிருக்கக் கூடாதாண்ணா?"

டெய்லர் குடியிருந்தது ஒற்றை அறை. ஒரு ஓரத்தில் வாதம் வந்து படுத்திருக்கும் மாமனார். மறு ஓரத்தில் வீட்டு மெஷின். ராத்திரி வேலைக்குக் கடையிலிருந்து எடுத்து வரும் துணிமூட்டை நடுவில். அடுப்பு, அலமாரி, மாமனாரின் போர்வை எல்லாவற்றின் மேலும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். தங்கச்சி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கேக்கிறேன் இல்ல."

"கை செஞ்சிடுச்சும்மா. நான் பாக்கலை."

"உன் கை நல்லாத்தான் செய்யும். கையெழுத்தும் அதே கைதானே போட்டுச்சு."

அண்ணி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவரைச் சொல்லாதே. சொல்லணும்னா என்னைச் சொல்லிடு. இத்தனை நாளா நீ மனசுல வச்சிருக்கிறது அதுதானே. அண்ணிக்காரி குழந்தையைச் சேர்க்கலைன்னு."

"நான் அப்படிச் சொன்னேனா அண்ணி?"

"சொல்லலை. ஆஸ்பத்திரியில என்னைப் பாத்தா திரும்பிப் படுத்துக்குவே."

டெய்லர்தான் பேசினார்.

"அவ கூட்டிட்டு வரச் சொன்னாம்மா. நான்தான் வேண்டாம்னேன். இந்த ரூமைப் பாரு. டாக்டர் என்ன சொன்னாரு? தூசி ஆகாது, பஞ்சு ஆகவே ஆகாதுன்னாரு. போன தடவை இங்க ஒரு ராத்திரி படுத்ததுக்கு மூணு நாள் இழுத்துச்சு. ரெண்டு மாசம் எப்படி வச்சுக்கிறது? அங்க சுத்தமான வீடு, ஜன்னல் இருக்கு, தோட்டம் இருக்குன்னு போட்டோ காட்டினாங்க. மூச்சு நல்லா விடட்டும்னுதான் அனுப்பினேன்."

கட்டிலில் மாமனார் இருமினார். அண்ணி எழுந்து போய் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள்.

தங்கச்சி மடியிலிருந்து இரண்டு காகிதத்தை எடுத்தாள். அலுவலகத்தில் மூன்று முறை படியேறி வாங்கிய நகல். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமலே படிப்பாள்.

"கேளு. 'இன்ஹேலர் எப்போதும் குழந்தையின் உடையில் உள்ள பாக்கெட்டில் வைக்கப்பட்டிருந்தது. மூச்சுத்திணறல் ஏற்பட்டவுடன் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டது. பலனளிக்கவில்லை. யார் மீதும் தவறில்லை.' இது ஒண்ணு. இன்னொண்ணு கள அலுவலர் வாரா வாரம் போய்ப் பாத்தாராம். ஆறு வாரம். 'பாக்கெட்டில் இன்ஹேலர் உள்ளதா?' டிக். டிக். டிக். ஆறு டிக்."

"தைச்ச பாக்கெட்டுல எப்படி…"

"அதைத்தானே கேக்கிறேன். தைச்சிருந்துச்சுன்னு இப்ப யாரு சொல்றது? நீ சொன்னா நம்புவாங்களா?"

அறையில் மெஷின் மேல் தொங்கிய இஞ்சு டேப் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றாள் தங்கச்சி, திடீரென்று. "நீ எத்தனை கவுன் தைச்சே?"

"அஞ்சு."

"வந்தது?"

டெய்லர் நிமிர்ந்தார்.

"மஞ்சள் வரலை" என்றார்.

"அன்னிக்கு அவ போட்டிருந்தது மஞ்சள்."

*

அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவு என்பது ஒரு ஜன்னலும், அதற்குள் ஒரு ஆளும். மூன்று பேரைக் கடந்து முன்னால் வந்தார்கள்.

"கோப்போட ஒரு கவர் இருக்கு" என்றார் ஜன்னல்காரர், ஏட்டைப் புரட்டி. "ஆஸ்பத்திரியிலிருந்து சீல் வச்சு வந்தது. உடை ஒன்று, மஞ்சள். ஆமா, இருக்கு."

தங்கச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சீல் அப்படியே இருக்கா சார்?"

"இங்க யாரும்மா துணியைப் பிரிச்சுப் போட்டுப் பாக்கப் போறாங்க? ஃபைலைப் பிரிக்கவே ஆள் இல்லை. வியாழக்கிழமை விசாரணை. பாக்கணும்னா எழுதிக் குடுங்க, மேடம் முன்னாடி திறப்பாங்க."

எழுதிக் கொடுத்தார்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்திய நகலை மடித்து டெய்லர் சட்டைப்பைக்குள் வைக்கும்போது, யாரோ தோளில் கை போட்டார்கள். கள அலுவலர். சலவைச் சட்டை, சாந்தமான முகம்.

"வாங்க டெய்லர், ஒரு நிமிஷம்." நடைபாதை ஓரத்துக்கு அழைத்துப் போனார். "மனசு கேக்கலை, அதான் சொல்றேன். உங்க தங்கச்சி இப்பத்தான் எழுந்து நடக்கிறாங்க. அந்தத் துணியை அவங்க கண்ணு முன்னாடி எடுக்கணுமா? அது என்ன நிலைமையில இருக்கோ."

"பரவாயில்லை சார்."

"பாக்கெட் தைச்சிருந்துச்சுன்னு சொல்றீங்களாம். வந்த நாலு கவுனும் சரியா இருந்துச்சே?"

காஜாக்கா நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். கதை இங்கே வரை வந்திருக்கிறது.

"நான் பிரிச்சுட்டேன் சார்."

"பாத்தீங்களா. தையல்காரர் நீங்க. ஊசி ஓட்டை நீங்க போட்டதுதான்னு யாராவது சொன்னா என்ன பண்ணுவீங்க? அதுக்கு மேல சம்மதக் கடிதத்துல உங்க கையெழுத்து வேற. கிளறினா எல்லாம் கிளறத்தான் செய்யும்." முதுகில் தட்டினார். "யோசிங்க."

டெய்லர் யோசித்தார். வியாழக்கிழமை வரை யோசித்தார். மஞ்சள் கவுனின் பாக்கெட் தைக்காமல் இருந்தால்? நான்கைத் தைத்தவர்கள் ஐந்தாவதை மறந்திருந்தால்? சலவையில் கிடந்திருந்தால்? மெஷினில் உட்கார்ந்தால் ஊசி எதிரில் மஞ்சளாகவே ஓடியது. இரண்டு கால்சட்டையை ஒரே பக்கம் சுருக்கிவிட்டார். முதலாளி திட்டினார்.

காஜாக்கா மட்டும் ஒன்று சொன்னாள். "டெய்லரு, அங்க போறப்ப அந்தப் பிளேடை இங்க வச்சுட்டுப் போ."

*

விசாரணை அறையில் நீள மேஜை ஒன்று. தலைப்பக்கம் கண்ணாடி போட்ட அம்மா, விசாரணை அதிகாரி. பக்கத்தில் எழுதுகிறவர். எதிரே கள அலுவலர், கோப்புகளை அடுக்கி அடுக்கி நேராக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் தனியாக ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வளர்ப்பு வீட்டம்மா. தங்கச்சி அவளைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

அதிகாரி அறிக்கையை முழுவதும் வாசித்தார். 'யார் மீதும் தவறில்லை' என்ற இடத்தில் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"குடும்பத்தார் ஏதாவது சொல்லணுமா?"

"அந்த மஞ்சள் கவுனைப் பாக்கணும் மேடம்" என்றார் டெய்லர்.

சீல் உடைந்தது. அதிகாரி கவரைச் சாய்த்தார். கவுன் மேஜைமேல் விழுந்தது.

கழுத்திலிருந்து கீழ் மடிப்பு வரை நடுவில் ஒரே வெட்டு. ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கத்திரி போட்டிருக்கிறார்கள். நல்ல கத்திரி, ஒரே இழுப்பு, பிசிறில்லை. டெய்லரின் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. இதை எப்படி ஒட்டுவது என்று ஒரு நொடி யோசித்ததற்காக அவர் தன்னையே வெறுத்தார்.

தங்கச்சியின் ஊன்றுகோல் கீழே விழுந்தது.

"உள்பக்கம் திருப்புங்க மேடம். வலது இடுப்பு."

அதிகாரி திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

மஞ்சள் துணியில் கறுப்பு நூல். ஒரு குத்து நீளம், ஒரு குத்து குட்டை. ஓரத்தில் கொசு மாதிரி முடிச்சு.

"இது… தைச்சிருக்கு" என்றார் அதிகாரி.

"மேடம்" என்றார் கள அலுவலர், அவசரமாக. "மேலாக ஓடின நூலா இருக்கலாம். உள்ள இன்ஹேலர் வைக்க இடம் இருந்திருக்கலாம். பிரிச்சுப் பாத்துடலாமே. இவரே தையல்காரர்தான்." மேஜைமேல் இருந்த காகிதக் கத்திரியை எடுத்து டெய்லர் பக்கம் தள்ளினார். "பிரிங்க டெய்லர். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை."

கவுன் எதிரில் இருந்தது. கத்திரி பக்கத்தில் இருந்தது. கோணல் தையல், முடிச்சு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பில் வந்துவிடும். டெய்லரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகச் சேர்ந்தன.

மேஜைக்குக் கீழே தங்கச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வண்டி கழுவுகிற கை. இரும்பு மாதிரி இருந்தது.

"மாட்டேன் சார்" என்றார் டெய்லர். "இந்த ஒண்ணை நான் பிரிக்க மாட்டேன். யாரும் பிரிக்கக் கூடாது. இருக்கிறபடியே எழுதுங்க மேடம்."

அதிகாரி கத்திரியைத் தன் பக்கம் இழுத்து டிராயருக்குள் போட்டார். பிறகு சுவரோரம் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இது யாரு தைச்சது?"

வளர்ப்பு வீட்டம்மா நீண்ட நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"நான்தான்."

"எதுக்கு?"

"கல்லு, சாக்பீஸ், ரொட்டித் துண்டு, எல்லாத்தையும் அதுல போட்டுக்குவா. ரெண்டாவது வாரமே வாஷிங் மெஷின் அடைச்சுக்கிச்சு. அஞ்சையும் தைச்சுட்டேன். இன்ஹேலரைப் பத்திரமா இருக்கட்டும்னு ஃபிரிட்ஜ் மேல வச்சேன்."

"அன்னிக்கு?"

"மத்த மூணு பேரைக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போயிருந்தேன். ஒம்பது வயசுப் பொண்ணு ஒருத்திதான் வீட்ல. அவளுக்கு ஃபிரிட்ஜ் மேல எட்டாது. நான் வந்தப்ப…" நிறுத்தினாள். "இருவது நிமிஷம்தான் போயிருந்தேன்."

"பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததா உங்க வாக்குமூலம் இருக்கே."

"சார் எழுதிக் கொண்டுவந்தாரு. கையெழுத்துப் போட்டேன்." முதல்முறையாகக் கள அலுவலரை நேராகப் பார்த்தாள். "மூணு பேருக்கு மேல முடியாதுன்னு சொன்னேனே சார். நீங்கதானே அஞ்சு பேரை விட்டீங்க. இந்தப் பொண்ணுக்கு இன்ஹேலர் கூடவே இருக்கணும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலை. அந்தப் பாக்கெட் எதுக்குன்னே எனக்குத் தெரியாது. ஆறு வாரத்துல ஒரு நாள் வந்து பாத்திருந்தா நீங்களாவது கேட்டிருப்பீங்க, ஏன் தைச்சேன்னு."

கள அலுவலர் கோப்பை நேராக்குவதை நிறுத்தியிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் தங்கச்சி. அவள் கேட்டது வளர்ப்பு வீட்டம்மாவை. "அந்த ஒம்பது வயசுப் பொண்ணு ஏதாவது சொல்லுச்சா? பட்டாணி என்ன பண்ணினான்னு?"

வளர்ப்பு வீட்டம்மாவின் வாய் கோணியது. "சொன்னா. இடுப்பை இடுப்பைத் தட்டினாளாம். வயித்து வலின்னு நெனச்சுத் தடவிக் குடுத்தாளாம்."

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார். மணிக்கட்டில் பிடி இன்னும் இறுகியது.

"அவளுக்கு ஞாபகம் இருந்துச்சுண்ணா" என்றாள் தங்கச்சி, மெதுவாக. "நீ சொல்லிக் குடுத்தது. ஞாபகம் இருந்துச்சு."

அதிகாரி அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின் மேல் பேனாவால் நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். அந்த ஆறு டிக் போட்ட தாளைத் தனியாக உருவி, தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"இது இதோட முடியாது" என்றார் கள அலுவலரிடம். "நீங்க வெளியில இருங்க. கூப்பிடுவேன்." அவர் போனதும் எழுதுகிறவரைப் பார்த்தார். "பாக்கெட் பத்தி எழுதிக்கோங்க."

எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துத் தயங்கினார். "எப்படி மேடம் எழுதுறது? தைச்சிருக்குன்னு மட்டும் போடவா?"

"போதாது" என்றார் டெய்லர். கண்ணைத் திறந்தார். தொடாமல், கிட்டே குனிந்து, எந்தத் தையலையும் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எழுதுங்க சார். மஞ்சள் கவுன். உள்பக்கம், வலது இடுப்பு. பாக்கெட் நீளம் நாலரை இஞ்சு. வாய் முழுசும் மூடித் தைச்சிருக்கு. கைத்தையல். கறுப்பு நூல், ரெட்டை இழை. குத்து…" உதடு அசைய எண்ணினார். ஒரு தடவை எண்ணி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "பதினாலு. முடிச்சு இடது ஓரம். ஒரு குத்துகூட விட்டுப் போகலை. அஞ்சு வயசுக் கை பிச்சு எடுக்க முடியாது. அதையும் எழுதுங்க."

எழுதுகிறவர் அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். பேனா ஓடியது.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றாள் தங்கச்சி.

வாசித்தார். பதினாலு குத்து என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருந்தார். கவுனை மடிக்கத் தெரியாமல் மடித்துப் புதுக் கவரில் போட்டு, மெழுகு உருக்கி மறுபடி சீல் வைத்தார்கள். மெழுகு காய்ந்து கெட்டியாகும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தங்கச்சி அண்ணன் கையை விட்டாள். மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.